கரி விண்மீன்களின் கணக்கு: இருவர் முரணும் ஒரு தீர்ப்பும்

விளக்குச் சுடரின்மேல் பிடித்த ஓட்டில் படியும் புகைக்கரியும், அரசர் முடியில் ஒளிரும் வைரமும், உண்ணும் சோற்றின் மாவுப்பொருளும், அதை உண்ணும் உடலின் தசையும் ஒரே தனிமத்தால் ஆனவை. அத்தனிமம் கரி. இந்தக் கரி மண்ணுலகில் தோன்றியதன்று. முதுமையடைந்த விண்மீன்களின் வயிற்றில் வெந்து, அவை வீசியெறிந்த வளியிலும் தூசியிலும் கலந்து, பின்னர் ஞாயிற்றையும் கோள்களையும் ஆக்கிய மேகத்தில் வந்து சேர்ந்தது என்பது வானநூலார் ஒருமுகமாக ஏற்ற முடிபு. ஆனால் எவ்வகை விண்மீன், எந்த அளவில், எந்தக் கலவையில் கரியை வழங்குகின்றது என்ற கணக்கில் மட்டும் ஒருமைப்பாடு இல்லை. அக்கணக்கைப் பற்றி 1986 முதல் நடந்துவரும் வழக்கு, அறிவியல் உண்மை எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதற்கும் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இருவர் மாறுபட்ட கொள்கைகளை உரைக்கும்போது, இரண்டையும் எடைபோட்டு ஒன்றைத் துணிதலையும் நூலாசிரியர்க்குரிய மதங்களுள் ஒன்றாகத் தமிழிலக்கண நூலார் வைத்தனர். அம்முறையை இவ்வழக்கிற்கும் பொருத்திப் பார்த்தல் தகும்.

இரு கரிகள்

கரியணுவில் நிலைபேறுடையவை இரண்டு. ஒன்று எடை 12 உடையது. மற்றொன்று எடை 13 உடையது. வேதியியல் நடத்தையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை; அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக இருப்பதொன்றே வேற்றுமை. இத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். மண்ணுலகில் கரி 13 ஒன்றுக்குக் கரி 12 ஏறத்தாழ 89 என்ற விழுக்காட்டில் கலந்துள்ளது.

இந்த 89 என்ற எண் எல்லா இடத்திலும் ஒன்றன்று. கரி 12, மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் கூடுவதால் பிறப்பது. அக்கூட்டம் நிகழ்வதற்கு வேண்டிய நுட்பமான இசைவு ஒன்று கரி அணுக்கருவில் இருந்தாக வேண்டும் என்று பிரெட் ஹாயில் 1953-இல் முன்னறிந்து கூறினார். சோதனையும் அதை மெய்ப்பித்தது. கரி 13 தோன்றும் வழி வேறு. ஹைட்ரஜன் எரியும் வெப்பத்தில் கரி 12 ஒரு புரோட்டானை விழுங்கிப் பின்னர்க் கரி 13 ஆகின்றது. இவ்வெரிப்பு நெடுநேரம் நடந்து நிறைநிலை எய்தினால், கரி 13 ஒன்றுக்குக் கரி 12 மூன்றரை அளவே மிஞ்சும். ஆகவே ஒரு விண்மீனின் மேற்பரப்பில் இவ்விரு கரிகளின் விகிதத்தை அளந்தால், அதன் உள்ளே எந்த உலை எவ்வளவு எரிந்தது, எது மேலே வந்தது என்பன தெரியவரும். கட்டளைக்கல்லில் உரைத்துப் பொன்னின் மாற்றைத் தட்டான் அறிவதைப் போன்றது இது.

இச்சோதனைக்கு ஏற்ற பொருள்கள் கரி விண்மீன்கள். 1860-களில் உரோமையில் இருந்த பாதிரியார் ஆஞ்செலோ செக்கி, விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தியபோது ஆழ்ந்த செந்நிறமுடைய சிலவற்றைத் தனி வகையாகப் பிரித்தார். அவற்றில் பிராணவாயுவைவிடக் கரி மிகுந்துள்ளது. பிராணவாயு முழுவதும் கரியோடு கூடிக் கார்பன் மோனாக்சைடாகிவிட, எஞ்சிய கரி தன்னோடு தானும், நைட்ரஜனோடும் கூடிப் பல மூலக்கூறுகளை உண்டாக்குகின்றது. எடை கூடிய கரி சேர்ந்த மூலக்கூறு சற்றே மெதுவாக அதிர்வதால், அதன் கோடு நிறமாலையில் சற்றே விலகி நிற்கும். இரு கரியணுக்கள் கூடிய மூலக்கூற்றின் பட்டை 4,737 ஆங்ஸ்ட்ராமில் தோன்றினால், அவற்றுள் ஒன்று கரி 13 ஆகும்போது அது 4,744-க்கு நகர்கின்றது. கரி 13 என்ற ஒன்று உண்டு என்பதையே 1929-இல் கிங், பெர்ஜ் ஆகிய இருவரும் இந்த விலகலைக் கொண்டே கண்டறிந்தனர். அதே ஆண்டில் மவுண்ட் வில்சன் நிலையத்துச் சான்போர்டு அப்பட்டையைக் கரி விண்மீன்களிலும் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் கண்ட பொருளை அதே ஆண்டில் விண்ணிலும் கண்டது வானநூல் வரலாற்றில் சிறப்பான நிகழ்ச்சி எனலாம்.

முதற் கணக்கு

விலகிய கோட்டைக் காண்பது எளிது. அதன் அளவைக் கணிப்பது அரிது. கரி விண்மீனின் நிறமாலை, மூலக்கூற்றுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் காடு. கரி 12-இன் கோடுகள் மிகுந்த வலிமையால் நிறைவெய்திக் கிடக்கின்றன. அவற்றை அப்படியே கரி 13-இன் மெல்லிய கோடுகளோடு ஒப்பிட்டால், கரி 12 உண்மையினும் குறைவாகத் தோன்றும்.

இவ்விடர்ப்பாட்டை முறையாக எதிர்த்துச் சென்ற பெருநூல் 1986-இல் வெளிவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்து டேவிட் லாம்பர்ட்டும், சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த குஸ்டாவ்சன், எரிக்சன் ஆகியோரும், கிட் பீக் நிலையத்து ஹிங்கிளும் சேர்ந்து 30 கரி விண்மீன்களை ஆராய்ந்தனர். அரிசோனாவின் கிட் பீக்கிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் அகச்சிவப்பு நிறமாலைகளை எடுத்தனர். அகச்சிவப்பில் கோட்டுக் காடு சற்றே அடர்த்தி குறைந்தது. ஒரே மூலக்கூற்றை நம்பாமல் பல மூலக்கூறுகளின் கோடுகளைப் பயன்படுத்தினர். முடிவாக, இயல்பான கரி விண்மீன்களில் இவ்விகிதம் பெரும்பாலும் 30-க்கும் 70-க்கும் இடையில் நிற்கின்றது என்றனர். கரி, பிராணவாயுவைவிட மிகச் சிறிதளவே கூடியிருக்கின்றது என்றும் காட்டினர்.

இந்நூலின் பெருமை அதன் கவனத்தில் உள்ளது. அதன் குறையும் அங்கேயே உள்ளது. கோடுகளின் வலிமையிலிருந்து அணுக்களின் எண்ணிக்கைக்குச் செல்ல, விண்மீனின் வளிமண்டலம் இவ்வாறிருக்கும் என்ற கணக்கு மாதிரி ஒன்று வேண்டும். மாதிரி பிழைத்தால் முடிபும் பிழைக்கும். அவ்வளவு குளிர்ந்த, துடிப்புடைய விண்மீனின் வளிமண்டலத்தை அசைவற்ற அடுக்குகளாகக் கொண்ட மாதிரி எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

மறு கணக்கு

பத்தாண்டு கழித்து, 1996-இல், ஜப்பானிய வானநூலார் ஒனாக்காவும் ட்சூஜியும் வேறொரு வழியில் வந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது சயனோஜன் என்னும் கரியும் நைட்ரஜனும் கூடிய மூலக்கூறு; பகுதி, 8,000 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய செந்நிறக் கோடி; விண்மீன்கள், 62. அவர்களுடைய முறை எளிய அழகுடையது. நிறைவெய்திய வலிய கோட்டையும் மெல்லிய கோட்டையும் ஒப்பிடுவதால்தானே தொல்லை? அப்படியாயின், கரி 12-இன் கோடுகளுள் இயல்பிலேயே வலிமை குன்றிய ஒன்றையும், கரி 13-இன் கோடுகளுள் அதே ஆழமுடைய ஒன்றையும் இணை சேர்த்தால், நிறைவின் விளைவு இரண்டிலும் ஒத்திருக்கும். அது தானே நீங்கிவிடும். மாதிரியைப் பெரிதும் நம்பவேண்டியதில்லை.

அவர்கள் பெற்ற விடை, இயல்பான கரி விண்மீன்களில் 20 முதல் 30 வரை என்பது. லாம்பர்ட் குழுவினர் அளந்த அதே விண்மீன்கள் பலவற்றில் ஏறக்குறையப் பாதி. ஒரே பொருளை இரண்டு துலாக்கோல்களில் நிறுத்தபோது ஒன்று மற்றொன்றின் பாதி காட்டினால், வாங்குவோன் எந்தக் கோலை நம்புவான்?

1998-இல் தெ லவெர்னியும் குஸ்டாவ்சனும் மறுப்புரை எழுதினர். சம ஆழமுடைய கோடுகளை இணை சேர்க்கும் முறை மாதிரியிலிருந்து விடுதலை பெற்றதன்று; அம்மெல்லிய கோடுகளின்மேல் பிற கோடுகள் படிந்திருப்பதும் முடிபைத் திரிக்கும் என்றனர். ஒனாக்காவும் ட்சூஜியும் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டில் எதிருரை தந்தனர்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. கரி விண்மீனின் நிறமாலையில் தூய மெல்லிய கோடு என்பது கிடைத்தற்கரியது. ஒரு மெல்லிய கோட்டின் ஆழத்தில் பெரும்பங்கு வேறொன்றுக்கு உரியதாயின், அதைக் கரி 13-இன் கணக்கில் எழுதுவோர் கரி 13-ஐ மிகைப்படுத்துவர், விகிதம் தாழும். ஆயினும் ஒன்றைக் குறித்தாக வேண்டும். மறுப்புரை எழுதிய இருவருள் குஸ்டாவ்சன், 1986-ஆம் ஆண்டுப் பெருநூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். வழக்காடுபவர் தம் தரப்பை வலியுறுத்துவதில் குற்றமில்லை. ஆனால் அவர் சொல்லே தீர்ப்பாகாது. நிறமாலையின் காட்டுக்கு வெளியே நிற்கும் சாட்சி ஒன்று வேண்டியிருந்தது.

வளிப்போர்வையின் சாட்சி

அச்சாட்சி விண்மீனைச் சூழ்ந்த வளிப்போர்வையிலிருந்து வந்தது. முதுமையடைந்த கரி விண்மீன் தன் மேனியை மெல்ல மெல்லக் காற்றாய் ஊதிவிடுகின்றது. நொடிக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் விரியும் அக்காற்று, குளிர்ந்து, மூலக்கூறுகளும் தூசியும் நிறைந்த பெரும்போர்வையாகின்றது. 1969-இல் அகச்சிவப்பு ஆய்வில் சிங்க இராசியில் கண்டெடுக்கப்பட்ட ஐ.ஆர்.சி.+10216 இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. தூசியால் அது முற்றும் மூடுண்டு கிடப்பதால் கண்ணுக்குரிய ஒளியில் மிக மங்கியது. அகச்சிவப்பிலோ வானத்தின் மிக ஒளியுடைய பொருள்களுள் ஒன்று. 1971-இல் அதன் வளியில் கார்பன் மோனாக்சைடின் வானொலி அலை பிடிக்கப்பட்டது.

கார்பன் மோனாக்சைடு சுழலும்போது நொடிக்கு 11,527 கோடி அதிர்வுடைய அலையை வெளியிடும். அதில் உள்ள கரி எடை 13 ஆயின், அலை 11,020 கோடி அதிர்வுக்கு இறங்கும். இரண்டும் நெடுந்தூரம் பிரிந்து நிற்பன. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. நிறமாலைக் காட்டின் தொல்லை இங்கே இல்லை என்பதே இச்சாட்சியின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இங்கும் ஒரு கண்ணி உண்டு. கரி 12-இன் அலை தான் வந்த வளியாலேயே விழுங்கப்படும் அளவுக்கு அடர்ந்தது. திருவிழாக் கூட்டத்தை முன்னின்று எண்ணுவோன் முன்வரிசையினரையே எண்ண இயலும்; பின்னிருப்போர் மறைந்துபோவர். கரி 13-ஐ உடையவையோ சிலவே ஆதலால் எல்லாரும் கண்ணுக்குப் படுவர். எனவே இரு அலைகளின் வலிமையை நேரே வகுத்தால் வரும் எண், மெய்விகிதத்தைவிடத் தாழ்ந்தது. ஐ.ஆர்.சி.+10216-இல், அடர்த்தியற்ற அரிய மூலக்கூறுகளின் கோடுகளைக் கொண்டு கணித்தபோது விகிதம் 45 என்று வந்தது. மண்ணுலக விகிதத்தில் இது பாதி.

2000-ஆம் ஆண்டில் ஷோயர், ஓலொஃப்சன் என்னும் சுவீடன் நாட்டார் இருவர், கண்ணுக்கு ஒளியுடைய கரி விண்மீன்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் வளிப்போர்வையில் அலை எவ்வாறு பயணப்படுகின்றது என்பதை முழுமையாகக் கணித்து, கூட்டத்தின் பின்வரிசையையும் எண்ணினர். அவர்கள் பெற்ற எண்கள் விண்மீனுக்கு விண்மீன் பெரிதும் வேறுபட்டன. 3-க்குக் குறைவானதும் உண்டு, 90 வரை உயர்ந்ததும் உண்டு. ஆனால் ஒவ்வொரு விண்மீனிலும் அவை லாம்பர்ட் குழுவினரின் எண்களோடு நெருங்கி நடந்தன. வேறு கருவி, வேறு அலை, வேறு கணக்கு. ஆயினும் அதே விடை. வழக்கு முடிந்தது என்றே பலரும் கருதினர்.

சாட்சியின் குறை

சாட்சி நேர்மையானவரா என்பதோடு, நிகழ்ச்சியைக் கண்டவரா என்பதும் கேட்கப்பட வேண்டும். வளிப்போர்வை விண்மீனின் இன்றைய மேனியன்று. அது உதிர்த்த பழைய மேனி. மையத்திலிருந்து ஓரிலட்சம் கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள வளி, நொடிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே வந்துசேர ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகும். வளி சொல்வது முன்னோர் காலத்துச் செய்தி. விண்மீனின் உட்கலக்கங்கள் பல்லாயிரம் ஆண்டுகட்கு ஒருமுறை நிகழ்வன ஆதலால் இக்காலத்தாழ்வு பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்பது உண்மையே.

தீங்கு செய்யவல்லது வேறொன்று. விண்வெளியின் புறஊதா ஒளி வளிப்போர்வையின் விளிம்பைத் தாக்கி மூலக்கூறுகளைச் சிதைக்கின்றது. கரி 12-ஐ உடையவை பலவாகையால் முன்னிருப்பவை தம்மைப் பலியிட்டுப் பின்னிருப்பவற்றைக் காக்கின்றன. கரி 13-ஐ உடையவைக்கு அக்காவல் இல்லை. விளிம்பின் குளிரில், தனித்த கரி 13, மூலக்கூற்றிலுள்ள கரி 12-ஐ நீக்கி அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும் வேதியியல் மாற்றம் ஒன்றும் நிகழ்கின்றது. அது இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும் என்று 1988-இல் மேமன், கிளாஸ்கோல்டு, ஹக்கின்ஸ் ஆகியோர் கணக்கிட்டனர். வானொலி அளவைகளின் மேல் வைத்த நம்பிக்கை பெரிதும் இந்த ஈட்டின்மேல் நிற்பது.

அந்நம்பிக்கையைச் சற்றே அசைத்தது ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்னும் கரி விண்மீன். சில்லி நாட்டு அட்டகாமா பாலையில் நிறுவப்பட்ட அல்மா வானொலிக் கருவித்தொகுதி, இவ்விண்மீனைச் சூழ்ந்த மெல்லிய ஓட்டையும் அதனுள் சுருண்டு கிடக்கும் சுழல் வடிவத்தையும் 2012-இல் வெளியிட்டது. சுழல், கண்ணுக்குப் புலனாகாத துணை விண்மீன் ஒன்றின் அடையாளம். 2013-இல் விலெமிங்ஸ் முதலியோர் அங்கே இரு கரிகளையும் அளந்தனர். ஓட்டின் சராசரி விகிதம் ஏறத்தாழ 19. விண்மீனின் மேற்பரப்பிற்கு முன்னரே தரப்பட்டிருந்த எண்ணும் 19. ஆனால் மையத்தை ஒட்டிய புதிய வளியில் மட்டும் 60-க்கு மேல்! விண்மீன் ஈராயிரம் ஆண்டுகளுக்குள் அவ்வளவு மாறியிராது; மேற்பரப்பு எண்ணும் அதை ஒப்பவில்லை. துணை விண்மீனின் புறஊதா ஒளி உள்ளிருந்தே கரி 13-ஐ உடைய மூலக்கூறுகளைத் தேர்ந்து சிதைக்கின்றது என்பதே அவர்கள் கண்ட விளக்கம்.

இதனால் பெறப்படும் நீதி தெளிவானது. ஒற்றை எண்ணாக அளக்கப்படும் வளிப்போர்வையில், உள்ளும் புறமும் வேறுவேறு விகிதம் இருக்கக்கூடும். துணை விண்மீன் மறைந்திருந்தால் விகிதம் பொய்யாக உயரவும் கூடும். ஷோயரும் ஓலொஃப்சனும் அளந்தபோது அவ்வளவு கூர்மையான கருவி எவரிடத்தும் இல்லை. அவர்கள் முடிபு பிழையென்று இதனால் ஆகாது. ஆனால் ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்ற மதிப்பை அது இழந்தது.

விண்கல்லில் கிடைத்த துகள்

மூன்றாம் சாட்சி கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தது. 1969 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மர்ச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் வீழ்ந்தது. அதனுள் ஞாயிறு பிறப்பதற்கு முன்னரே உறைந்த சிலிக்கன் கார்பைடுத் துகள்கள் இருப்பதைப் பின்னர்க் கண்டனர். தூசியினும் நுண்ணிய அத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதிலுள்ள அணுக்களையே எடைபோட்டு எண்ண முடிகின்றது. நிறமாலை இல்லை, மாதிரி இல்லை, முன்வரிசை, பின்வரிசை என்ற மயக்கம் இல்லை. துகள்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே பெருவகையைச் சேர்ந்தவை. அவற்றின் கரி விகிதம் பெரும்பாலும் 40 முதல் 80 வரை.

இதைக் காட்டி லாம்பர்ட் குழுவினரின் கணக்கே சரி என்போர் பலர். இவ்வாதத்தில் ஒரு வளையம் மறைந்திருப்பதை உற்று நோக்க வேண்டும். இத்துகள்கள் கரி விண்மீன்களில் உறைந்தவை என்பதற்கு முதலில் காட்டப்பட்ட சான்றுகளுள் ஒன்று, அவற்றின் விகிதப் பரவல் 1986-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒத்திருந்ததே. அக்கணக்கைக் கொண்டு துகளின் பிறப்பை நிறுவி, அத்துகளைக் கொண்டு அக்கணக்கை நிறுவுவது, தாய்க்கு மகளும் மகளுக்குத் தாயும் பிணை நிற்பது போலாகும்.

வளையத்தை உடைக்கும் வழி இல்லாமல் இல்லை. இத்துகள்களில் பேரியம், மாலிப்டினம் முதலிய கனத்த தனிமங்களின் ஐசோடோப்புகளும் அளக்கப்பட்டுள்ளன. அவை நியூட்ரான்களை மெல்ல மெல்ல விழுங்கும் முறையால் பிறந்த தனிக் கலவையைக் காட்டுகின்றன. அது நிகழும் இடம் முதிய செவ்விண்மீன்களின் உள்ளிடமே. சிலிக்கன் கார்பைடு உறைவதற்குக் கரி, பிராணவாயுவை மிஞ்சியிருக்கவும் வேண்டும். ஆகவே கரி விகிதத்தைத் தொடாமலே துகளின் பிறப்பிடம் உறுதிப்படுகின்றது. எனினும் இரண்டு வரம்புகள் எஞ்சுகின்றன. துகளை ஈன்ற விண்மீன்கள் ஞாயிற்றுக்கும் மூத்தவை. இன்று வானில் காணப்படுபவை அல்ல. மேலும், தூசி மிகுதியாக உறைவது விண்மீனின் இறுதிக் காலத்தில். அப்போது கரி 12 மிகுந்து விகிதம் உயர்ந்திருக்கும். ஆதலின் துகள் காட்டும் எண், விண்மீன் வாழ்வின் நடுவில் காணும் எண்ணினும் சற்று மேலிருப்பதில் வியப்பில்லை.

உலைக் கணக்கு

சாட்சிகளை விடுத்து எளிய கணக்கொன்றையும் போட்டுப் பார்க்கலாம். உலைநீர் கொதிக்கும்போது அடியிலுள்ள அரிசி மேலே வருவதைப் போல, விண்மீனின் அடியில் வெந்த பொருளும் மேலே வருகின்றது. செம்பெருவிண்மீன் ஆகும்போது வரும் முதற்கொதிப்பில் ஹைட்ரஜன் எரிந்த சாம்பலாகிய கரி 13 மேலேறும். விகிதம் 89-இலிருந்து 20 அளவுக்கு இறங்கும். முதுமையில் வரும் கொதிப்புகளிலோ ஹீலியம் எரிந்த தூய கரி 12 மேலேறும். விகிதம் மீண்டும் உயரும்.

பிராணவாயு 100 பங்கு என்றும், முதற்கொதிப்பின் பின் கரி 35 பங்கு என்றும் கொள்க. விகிதம் 20 ஆயின், அந்த 35-இல் கரி 13 ஏறத்தாழ 1.7 பங்கு. விண்மீன், கரி விண்மீனாகக் கரி 105 பங்காக வேண்டும். எனவே தூய கரி 12 எழுபது பங்கு சேரவேண்டும். சேர்ந்தபின் விகிதம் 62. இது லாம்பர்ட் குழுவினரின் எண்ணோடு இயல்பாகப் பொருந்துகின்றது. இனி, ஒனாக்காவும் ட்சூஜியும் கூறும் 25 வரவேண்டுமாயின், தொடக்க விகிதம் 8-க்கும் தாழ்ந்திருக்க வேண்டும்.

அவ்வளவு தாழ்ந்த விண்மீன்கள் இல்லாமல் இல்லை. சுவாதி என்று வழங்கும் ஆர்க்டூரஸில் விகிதம் 7 அளவே. ஆனால் கரி விண்மீன்களாக முதிர்பவை பெரும்பாலும் ஞாயிற்றைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு எடையுடையவை. அவ்வெடையில் முதற்கொதிப்பிற்குப் பின் விகிதம் 20-ஐ ஒட்டி நிற்பதே வழக்கம். அவை எல்லாவற்றிலும் 25 காணவேண்டுமாயின், முதுமையில் புதியதொரு மறைமுகக் கலக்கம் நிகழ்ந்து கரி 13-ஐப் பெருக்கியாக வேண்டும். அது நிகழாது என்று கூறுவதற்கில்லை; சில விண்மீன்களுக்கு அத்தகைய கலக்கத்தை வேண்டுவோர் உளர். ஆனால் விதிவிலக்கையே விதியாக்குவதற்கு வலிய சான்று வேண்டும்.

2014-இல் ராம்ஸ்டெட்டும் ஓலொஃப்சனும் வளிப்போர்வைகளைப் பெருந்தொகுதியாக அளந்தபோது, பிராணவாயு மிகுந்த எம் வகை விண்மீன்களில் நடுஎண் 13, இடைப்பட்ட எஸ் வகையில் 26, கரி விண்மீன்களில் 34 என்று பெற்றனர். 13, 26, 34 என ஏறிச்செல்லும் இவ்வரிசை, கரி 12 படிப்படியாக மேலேறுகின்றது என்ற கொள்கைக்கு அழகிய சான்று. ஆனால் 34 என்ற எண் இரு கட்சியாருக்கும் நடுவே வந்து நிற்பதையும் மறைக்கலாகாது. எம் வகையினர் எல்லாரும் கரி விண்மீனாவதில்லை என்பதும், ஜே வகை என்னும் தனிக் குடியினர் தொகுதியில் சேர்ந்தால் நடுஎண் கீழே இறங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. வேட்டை நாய்கள் என்னும் குழுவிலுள்ள ஒய் விண்மீன் போன்ற ஜே வகையில் விகிதம் 5-க்கும் தாழ்ந்தது. அங்கே கரி 13-இன் கோடுகளே வலிமை பெற்று விளங்குவதால் எம்முறையால் அளந்தாலும் பெரும்பூசல் எழுவதில்லை. கோடு மெலிந்த இடத்திலேயே அறிஞர் மாறுபடுகின்றனர்.

தீர்ப்பு

இவ்வழக்கு வெறும் எண் வழக்கன்று. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு பிறந்த மேகத்தில் விகிதம் 89. இன்று அதன் சுற்றுப்புற விண்வெளியில் ஏறத்தாழ 60 முதல் 70 வரை. இடையில் யாரோ கரி 13-ஐ வழங்கியுள்ளனர். கரி விண்மீன்கள் 60 அளவில் வழங்கினால், இவ்வீழ்ச்சிக்கு அவை பெரும் காரணம் ஆகா. வேறு வள்ளல்களைத் தேடவேண்டும். 25 அளவில் வழங்கினால் அவையே முதன்மை வள்ளல்கள். பால்வீதியின் வேதியியல் வரலாறே இவ்வெண்ணைப் பொறுத்து வேறுவகையாக எழுதப்படும்.

சான்றுகள் யாவையும் நிறுத்துப் பார்க்குமிடத்து, ஜே வகை நீங்கலான கரி விண்மீன்களுக்கு லாம்பர்ட் குழுவினரின் கணக்கே உண்மைக்கு அணித்தானது என்று துணியலாம். ஒரு சாட்சி மட்டும் சொன்னதால் அன்று; வெவ்வேறு குறையுடைய மூன்று சாட்சிகள் ஒரே திசையைச் சுட்டுவதாலும், உலைக் கணக்கு அதற்கு இசைவதாலும் என்க. ஒரே குறையுடைய பத்துச் சாட்சிகளினும், வேறுவேறு குறையுடைய மூவர் வலியர். எனினும் அத்துணிபு ஓர் எல்லைக்கு உட்பட்டது. தொகுதியாக நோக்கின் உண்மை அவர்கள் தந்த எல்லையின் கீழ்ப்பாதியை நோக்கிச் சாய்வதாகத் தோன்றுகின்றது. எனவே ஒனாக்காவும் ட்சூஜியும் செய்த உழைப்பு வீண்போயிற்று என்பது பொருந்தாது. அவர்கள் எழுப்பிய ஐயம் இல்லையேல், வளிப்போர்வையை இவ்வளவு கூர்ந்து அளக்கும் முயற்சிக்கு இத்துணை ஊக்கம் பிறந்திராது.

ஒரு குறைபாடு மட்டும் இன்னும் நீங்கவில்லை. பின்வந்த நூல்கள் பலவற்றில் இவ்விகிதம் எம்முறையால் பெறப்பட்டது என்ற குறிப்பு நீங்கி, வெறும் எண்ணாகப் பட்டியலில் ஏறிவிடுகின்றது. மாற்றுக் குறிக்காமல் பொன்னை எடை மட்டும் சொல்லி விற்பதற்கு இது ஒப்பாகும். மேற்பரப்பில் அளந்ததா, போர்வையில் அளந்ததா, துணை விண்மீன் மறைந்துள்ளதா என்பவற்றை எண்ணோடு சேர்த்தே எழுதும் ஒழுக்கம் நிலைபெறுமாயின், இவ்வழக்கு முழுத்தீர்ப்புப் பெறும் நாள் தொலைவில் இல்லை. புகைக்கரியின் பிறப்பிடமும் அன்று ஐயமின்றித் தெரியும்.